தலை தட்டாத கரண்டி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். அங்கே அண்ணன் எப்படி இருக்கிறார், அம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள். உங்கள் சுகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். கேட்கவில்லை என்று பிறகு பேச்சு வரக் கூடாது.

போனில் பேசியதெல்லாம் போதும் அண்ணி. போன மாதம் நான் ஒன்று சொல்ல, அது அண்ணன் காதுக்கு வேறொன்றாகப் போய்ச் சேர, அவர் என்னைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். இனிமேல் நமக்குள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். யார் என்ன சொன்னார்கள் என்பது மாறாமல் இருக்கும். உங்கள் கடிதங்களை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன். நீங்களும் என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முறிந்த எலும்பு கூடிவிட்டது, ஆனால் படுத்தே கிடந்ததில் கால் சதை கரைந்து எழுந்து நிற்க முடியவில்லை, புரோட்டீன் பவுடர் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அண்ணன் சொன்னார். நான் இருப்பது பல் டாக்டர் கிளினிக்கின் ரிசப்ஷன்தான் என்றாலும் நாலு டாக்டர்கள் வந்து போகிற இடம். விசாரித்தேன். வே புரோட்டீன்தான் நல்லதாம். சீஸ் செய்யும்போது பால் திரிந்து, கட்டி தனியே பிரிந்ததும் தெளிந்த தண்ணீர் மிஞ்சுமே, அதிலிருந்து எடுப்பது. அதில் மூன்று வகை. கான்சென்ட்ரேட் விலை குறைவு. அதையே இன்னும் சுத்தம் செய்தால் ஐசோலேட், விலை கூட. ஹைட்ரோலைசேட் என்று இன்னொன்று, பாதி செரித்தது போல உடைத்து வைத்திருப்பார்களாம். அதன் விலையைக் கேட்டால் நமக்கே கால் நடுங்கும்.

அம்மாவுக்கு ஐசோலேட்தான் கொடுக்க வேண்டும். பெற்ற தாய்க்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. உங்கள் கை கொஞ்சம் இறுக்கம் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் அப்பா போனபோது, அம்மா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று பேசினோம். நான் மறந்துவிட்டதாக உங்களுக்கு நினைப்பு. மறக்கவில்லை. என் வீடு மூன்றாவது மாடி, படி செங்குத்து, நல்ல காலுக்கே மூச்சு வாங்கும். அம்மா மாடி ஏறுகிற அன்றைக்கு என் கதவு திறந்தே இருக்கும்.

பெற்றவளை நினைத்து ஏங்கும்,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 21

மதிப்புக்குரிய நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் எல்லோரும் சுகம் என்று படித்து நிம்மதி. நானும் சுகம். அத்தையின் கால் தவிர எல்லாம் சுகம், வாய் ரொம்பவே சுகம்.

முன்பெல்லாம் உங்களை நீ, வா, போ என்றுதான் பேசினேன். சண்டைக்குப் பிறகு மரியாதை தானாக ஏறிவிட்டது. எழுத்தில் வேறு இருக்கப் போகிறது என்பதால் இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பவுடர் வாங்கிவிட்டேன். எங்கள் அரிசி டப்பாவைவிடப் பெரிய டப்பா. மேலே சட்டை போடாத ஓர் ஆள் நிற்கிறான், அவனுக்குக் கழுத்தே இல்லை. கடையில் இருந்ததிலேயே அதுதான் பெரிது, எடைக்கு அதுதான் மலிவு. திரைச்சீலைக் கடையில் நாள் முழுக்கத் துணி அளந்து வெட்டுகிறவள் நான். பெரிய பீஸ் மலிவாகக் கண்ணில் பட்டால் கை தானாக நீண்டுவிடும்.

அதைக் கொதிக்கிற பாலில் போட்டுக் கலக்கினேன். கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. அத்தை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சினியா?" என்றார். ஆறிய தண்ணீரில் கலந்தபிறகு இறங்கியது.

நடக்கப் பயிற்சி கொடுக்க வாரம் ஒரு முறை ஒரு பெண் வருகிறாள். அவள் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். "அக்கா, இது மாஸ் கெயினர். முக்கால்வாசி சர்க்கரையும் மாவும்தான். ஒல்லியா இருக்கிற பசங்க உடம்பு ஏத்தறதுக்குக் குடிப்பாங்க. இதைக் குடிச்சா அம்மாவுக்கு வயிறு வரும், கால் வராது" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதியை உங்கள் அண்ணன் தினமும் காலையில் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவருக்குத் தங்கை வீட்டில் லிஃப்ட் இல்லை என்பதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

அடுத்து கான்சென்ட்ரேட் வாங்கப் போகிறேன். ஐசோலேட் என் சம்பளத்துக்கு மீறியது. பெற்ற தாய்க்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சரி. தாய் உங்களுக்கு, கணக்கு மட்டும் எனக்கு.

வணக்கத்துடன்,
உங்கள் அண்ணி


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம்தானே. இங்கே சின்னவனுக்குச் சளி, மற்றபடி குறையில்லை.

மாஸ் கெயினர் கொடுத்தீர்கள் என்று படித்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. டப்பாவின் பின்பக்கம் படிக்கக்கூடவா ஆள் வேண்டும்? எங்கள் கிளினிக்கில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை, "எங்க அண்ணி அவ்வளவு படிக்கலை, பாவம்" என்றேன்.

கான்சென்ட்ரேட் வேண்டவே வேண்டாம். அதில் பால் சர்க்கரை மிச்சம் இருக்குமாம். ஐசோலேட்டில் அதை எடுத்துவிடுவார்கள். அம்மாவுக்கு வயதான வயிறு. நீங்கள் மலிவைப் பார்க்காதீர்கள், அம்மாவின் முகத்தைப் பாருங்கள்.

நானே ஒரு டப்பா வாங்கி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். இந்த மாதம் வாஷிங் மெஷின் வாங்க வேண்டியதாகிவிட்டது. பெரிய சைஸ், முன்பக்கம் கதவு உள்ளது. கடையிலிருந்து ஒரே ஆள்தான் கொண்டு வந்தான், சமையலறை ஓரம் வைத்தான், ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டான். அந்த மாதிரி ஆட்கள் இப்போது எங்கே கிடைக்கிறார்கள்?

அம்மாவுக்கு என் முத்தங்களைச் சொல்லுங்கள். சொன்னீர்களா என்று அண்ணனிடம் கேட்பேன்.

இப்படிக்குத் தூரத்தில் இருந்தாலும் கவலை குறையாத,
நாத்தனார்


பிப்ரவரி 19

மதிப்புக்குரிய நாத்தனாருக்கு,

சின்னவனுக்குச் சளி தேவலையா? நான் சுகம். உங்கள் முத்தங்களைச் சொல்லிவிட்டேன். அத்தை, "அதை எதுல கலக்கிக் குடிக்கணும்?" என்று கேட்டார்.

நீங்கள் சொன்னது சரியாகிப் போனது. உங்கள் கடிதம் வருவதற்குள் கான்சென்ட்ரேட்டைக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அத்தையின் வயிறு உப்பிக்கொண்டு இடி இடிக்கிற சத்தம். வீட்டில் எல்லோரும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தோம். அத்தையின் வயிறு பாலை ஏற்று வருஷக்கணக்காகிறது என்பதும், பாலில் இருக்கிற சர்க்கரைதான் அவருக்கு ஆகாதது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உண்மையைச் சொல்லட்டுமா? தெரிந்ததும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. எழுத்தில் இருக்கட்டும் என்றீர்களே, இதுவும் இருக்கட்டும். நான் பிள்ளை பெற்று வந்த புதிதில், பால் சுரக்காமல் பிள்ளை அழுத ஒரு மத்தியானம் ஒரு டம்ளர் பால் கேட்டேன். அத்தை பிரிட்ஜைப் பூட்டிச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சாவியைச் சுண்டு விரலில் மாட்டிக்கொண்டு, "டீத்தூள் இருக்கு அண்ணி" என்றீர்கள். நான் கட்டன் டீ போட்டுக் குடித்தேன். என் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அந்த டீயின் கசப்பு என் நாக்கை விட்டு இன்னும் போகவில்லை.

இப்போது அதே பாலின் தெளிந்த தண்ணீரைப் பொடியாக்கி, அவருக்கு ஆகாததை எடுத்துவிட்டு, விலை கொடுத்து வாங்கி ஊற்ற வேண்டும். நானே வாங்கி நானே ஊற்ற வேண்டும். வயிற்றெரிச்சலில் அன்றைக்குக் கடையில் ஒரு ஜன்னல் துணியைக் குறைத்து வெட்டப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு துணியைக் குறைத்து வெட்டியதில்லை. மடிப்புக்கு என்று நாலு விரல் கூடவே விடுவேன்.

அப்புறம் உங்கள் முதல் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தேன். கடைசி வரிகளை இரண்டு முறை படித்தேன். படித்து முடித்ததும் கோபம் போய் மனசு லேசானது. மறுநாளே கடைக்குப் போய் ஐசோலேட் வாங்கிவிட்டேன்.

எப்படிக் கட்டுப்படியாயிற்று என்று கேட்பீர்கள். டப்பாவில் வந்தால் டப்பாவுக்கு, கழுத்தில்லாத ஆளுக்கு, சாக்லேட் வாசனைக்கு என்று தனித்தனியாக விலை. வாசனையோ நிறமோ சேர்க்காமல் வெறும் பையில் வருவது ஒன்று இருக்கிறது. துணிக்கு அகலம் பார்ப்பது மாதிரி, ஒரு கரண்டியில் எவ்வளவு புரோட்டீன் என்று பார்த்து விலையை வகுத்துப் பார்த்தேன். நான் வாங்கிய பெரிய டப்பாவைவிட இது ஒன்றும் அதிகமில்லை. கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வெட்டுவதற்கு ஒத்துக்கொண்டேன், மீதி சரியாகிவிட்டது. பையைப் பிரித்துப் பழைய டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறேன். நான் கரண்டியை எடுக்கும்போதெல்லாம் அத்தை என் கையையே பார்க்கிறார். எதற்கென்று தெரியவில்லை.

அத்தையின் கால் தேற வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்குத்தான் அவசரம்.

ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய வாஷிங் மெஷினை ஒரே ஆள் எப்படி மூன்று மாடி தூக்கி வந்தான்? உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "ஒரு ஆளா?" என்றார்.

எல்லோர் நலமும் நாடும்,
உங்கள் அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

கிளினிக்கில் வேலை அதிகம், பதில் எழுத நேரமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

பழைய கதையெல்லாம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே ஞாபகமில்லை. அப்போது எனக்கு என்ன வயது, சொன்னதைச் செய்கிற பெண்.

ஐசோலேட் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். தப்பாக நினைக்காதீர்கள், பில்லை அனுப்பி வையுங்கள். பழைய டப்பாவில் கொட்டி வைத்தால் உள்ளே இருப்பது எது என்று யாருக்குத் தெரியும்? வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இருக்கக் கூடாது பாருங்கள்.

அம்மா எழுந்து உட்காருகிறாளா?

அன்புடன்,
நாத்தனார்


ஏப்ரல் 6

மதிப்புக்குரிய நாத்தனாருக்கு,

பில்லை இத்துடன் வைத்திருக்கிறேன். டப்பா பற்றி நீங்கள் சொன்னது நியாயம். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இருந்தால் என்றைக்காவது யாராவது திறந்து பார்ப்பார்கள்.

வாஷிங் மெஷின் நன்றாக ஓடுகிறதா? அதைத் தூக்கி வந்த ஆளைப் பற்றிக் கேட்டிருந்தேன். வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கும்.

அத்தை எழுந்து உட்காருகிறாரா என்று கேட்டிருந்தீர்கள். உட்காருவதாவது. போன வாரம் நாற்காலியின் கையைப் பிடிக்காமலே எழுந்து நின்றார். நின்ற வேகத்தில் நேரே சமையலறைக்கு வந்து, நான் வெங்காயம் நறுக்குவது சரியில்லை என்றார். பயிற்சி கொடுக்கும் பெண் கை தட்டினாள். நானும் தட்டினேன்.

டாக்டர் ரத்தம், கிட்னி எல்லாம் பார்த்துவிட்டு இதே அளவில் தொடரச் சொன்னார். இப்போது படி ஏறப் பழக்குகிறோம். எங்கள் வீட்டில் படி ஏது? திரைச்சீலைத் துணிகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கும் சாம்பிள் புத்தகங்கள், கடையில் கழித்துப் போட்டவை, தடி தடியாக இருக்கின்றன. அவற்றை அடுக்கி இறுக்கிக் கட்டிப் படி செய்திருக்கிறேன். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு பூப்போட்ட பட்டுத் துணிகளின் மேல் ஏறி இறங்குகிறார். ஏறும்போது என்னைத் திட்டுகிறார், இறங்கும்போது உங்கள் பெயரைச் சொல்கிறார். திட்டினால் மூச்சு சீராக வருகிறது என்று அந்தப் பெண் சொல்கிறாள்.

ஓர் உதவி. உங்கள் வீட்டுப் படி ஒன்று என்ன உயரம் என்று அளந்து எழுதுங்கள். அதே உயரத்துக்கு அடுக்கிவிடுகிறேன்.

ஆவலுடன் காத்திருக்கும்,
உங்கள் அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம்தானே. ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

அம்மா தேறி வருவதைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா அண்ணி? வயதான உடம்பு. புரோட்டீன் கூடினால் கிட்னி என்னாகும்? டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள், நாளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? நான் இன்னும் விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஐசோலேட்டெல்லாம் போட்டிக்குப் போகிற பசங்களுக்குத்தானாம். அம்மாவுக்கு அவ்வளவு தேவையில்லை. விலை குறைந்ததே போதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுங்கள். வயிறு கொஞ்சம் சத்தம் போட்டால் போடட்டும். கரண்டியையும் தலை தட்டி அளந்து போடுங்கள், கூம்பாகப் போட்டு வீணாக்காதீர்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குப் போய்க் கஷ்டப்படுவதைப் படித்து எனக்கு மனசு ஆறவில்லை.

படி உயரம் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். கட்டியவன் ஒழுங்காகக் கட்டவில்லை. அம்மாவால் முடியவே முடியாது. மழைக்காலம் போகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் நன்மைக்காகவே எழுதும்,
நாத்தனார்


மே 11

மதிப்புக்குரிய நாத்தனாருக்கு,

உங்களுக்குத் தூக்கமில்லை என்று படித்து வருத்தம். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

உங்கள் முதல் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் "பெற்ற தாய்க்குக் கணக்குப் பார்க்கக் கூடாது" என்று இருக்கிறது. "அம்மாவுக்கு ஐசோலேட்தான் கொடுக்க வேண்டும்" என்று இருக்கிறது. "அம்மா மாடி ஏறுகிற அன்றைக்கு என் கதவு திறந்தே இருக்கும்" என்றும் இருக்கிறது. எழுதினால் மாறாது என்று சொன்னது நீங்கள்தான். எவ்வளவு நல்ல யோசனை.

பயிற்சிக்கு வரும் பெண் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு முந்தாநாள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே மூன்றாவது மாடி வரைக்கும் ஏறினார். இடையில் நின்று நின்றுதான் ஏறினார், ஆனால் ஏறிவிட்டார். மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "டிக்கெட் எடுத்துட்டியா?" என்றார். எடுத்துவிட்டேன்.

வருகிற வியாழக்கிழமை காலை அத்தையும் உங்கள் அண்ணனும் அங்கே வருகிறார்கள். மே முதல் நவம்பர் வரை ஆறு மாதம். நாலு வருஷம் தவறிப்போனதை நான் கேட்கப் போவதில்லை. நாள் தள்ளிப் போடுவது உங்கள் தொழில், கிளினிக்கில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறீர்கள் என்று உங்கள் அண்ணன் சொல்வார். அளவு பிசகாமல் வெட்டுவது என் தொழில்.

அத்தையிடம் பவுடர் பையைக் கொடுத்தனுப்பவில்லை. நீங்கள் விசாரித்து வைத்திருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. உங்களுக்கு எது நல்லது என்று படுகிறதோ அதை வாங்கிக் கொடுங்கள்.

பயணம் நல்லபடி முடியப் பிரார்த்திக்கும்,
உங்கள் அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். அம்மா சுகம். அம்மா மட்டும் சுகம்.

விடிவதற்குள் எழுந்து கூடத்தில் நடக்கிறாள். கீழே குடியிருப்பவர்கள் வந்து கேட்டுவிட்டார்கள். நான் துணி மடிப்பது சரியில்லை, பிள்ளைகளை எழுப்புவது சரியில்லை. நான் வாங்கி வைத்த பவுடரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன வகைன்னு டப்பாவோட பின்பக்கம் படி" என்கிறாள். படித்தேன். "அங்கே எனக்கு ஐசோலேட்" என்று என் மாமியார் முன்னால் சொல்கிறாள். அந்த வார்த்தையை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அது எந்தக் கடை, எந்தப் பை, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று உடனே எழுதுங்கள். முடிந்தால் நீங்களே ஒரு பை வாங்கி அனுப்புங்கள், இந்த மாதம் எனக்குக் கையைக் கடிக்கிறது.

லிஃப்டைப் பற்றி அண்ணன் ஏதாவது சொல்லியிருப்பார். அது சமீபத்தில்தான் வந்தது. சொல்ல மறந்துவிட்டேன். அண்ணன் அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனார். போன் செய்தால் எடுப்பதில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்ததா?

அம்மாவுக்கு இந்த இடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் வந்து கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

நாத்தனார்


ஜூன் 24

மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுறேன். எனக்குக் கடித நடையெல்லாம் வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், படிச்சுக்கோ. இடுப்பு வலிக்குதுன்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்கு? கடையில நின்னுட்டே வெட்டாதே. ஸ்டூல் கேளு. கேட்டாத்தான் கொடுப்பாங்க.

உன் புருஷன் உன்கிட்ட எதுவும் சொல்லியிருக்க மாட்டான், அதனால நான் சொல்றேன். அன்னிக்கு வந்து இறங்கி, நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். கீழே இருந்த வாட்ச்மேன், "ஏம்மா படியில போறீங்க, லிஃப்ட் இருக்கே"ன்னான். பார்த்தா பக்கத்துலயே நிக்குது, பளபளன்னு. எப்ப வெச்சதுன்னு கேட்டேன். "மூணு வருஷமாச்சும்மா"ன்னான். உன் புருஷன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "நல்ல கம்பெனி"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் அவன் மூஞ்சியைப் பார்க்கலை.

பெட்டியை லிஃப்ட்ல ஏத்தச் சொன்னேன். நான் படியிலதான் ஏறினேன். வேணாம்மான்னு கெஞ்சினான். அந்தச் சுவையில்லாத மாவுத்தண்ணியை இத்தனை மாசம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சது லிஃப்ட்ல போறதுக்கா? மாடிக்கு மாடி நின்னேன், ஏறிட்டேன். படி எல்லாம் ஒரே உயரம்தான். கதவு திறந்தே இருக்கும்னு எழுதியிருந்தாளாமே, தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். திறந்தவ என்னைப் பார்க்கலை. எனக்குப் பின்னால லிஃப்ட்டுப் பக்கத்துல நின்ன அண்ணனைப் பார்த்தா. அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் ஏறினேன். பார்த்துட்டேன்.

நீ எதுக்காக எனக்கு விழுந்து விழுந்து கலக்கிக் கொடுத்தேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என்னை இங்கே தள்ளிவிடத்தான். முதல் வாரமே தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சேன். உனக்கு அவ மேல இருக்கிற கோபம் வெளியாள் கோபம். என்னுது பெத்தவ கோபம், அது பெருசு. நான் உன் தோளைப் பிடிச்சு ஏறி வந்தேன், அவ்வளவுதான்.

பால் விஷயத்தை நீ மறக்கலைன்னு எனக்குத் தெரியும். நானும் மறக்கலை. அதுக்கு நான் எதுவும் சொல்லப் போறதில்லை, நீயும் எதிர்பார்க்காதே. ஆனா நீ கரண்டியை எடுக்கும்போதெல்லாம் உன் கையையே பார்த்துட்டு இருந்தேன். இன்னிக்குக் குறைப்பா, நாளைக்குக் குறைப்பான்னு. என் மேல இருக்கிற ஆத்திரத்துக்கு நீ குறைச்சிருந்தா நான் வாயைத் திறந்திருக்க முடியாது. ஒரு நாள்கூட நீ தலை தட்டலை. மூஞ்சியை உர்ருன்னு வெச்சுக்கிட்டே கூம்பாப் போட்டே.

இங்கே இவ தலை தட்டி அளக்கிறா. கரண்டியோட ஓரத்தை விரலால வழிச்சு விடுறா.

நவம்பர்ல வருவேன். அதுக்கு ஒரு நாள் முன்னால வர மாட்டேன். பேசின பேச்சு ஆறு மாசம். இதை நானே கீழே இறங்கிப் போய்த் தபால்ல போடறேன். படியிலதான்.

உன் அத்தை


ஜூலை 3

மதிப்புக்குரிய நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கடையில் ஒரு ஸ்டூல் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். அங்கே பிள்ளைகளையும் உங்கள் மாமியாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட விவரம். வே புரோட்டீன், ஐசோலேட், வாசனை சேர்க்காதது, வெறும் பையில் வருவது. பெயர் சொன்னால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள், பசையாகிவிடும். ஒரு பை வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அனுப்ப எனக்கு ஆசைதான். பெற்ற தாய்க்குப் பிள்ளை வாங்கிக் கொடுக்கிற சந்தோஷத்தில் நான் குறுக்கே வரக் கூடாது என்று விட்டுவிட்டேன். கையைக் கடித்தால் வீட்டில் டீத்தூள் இருக்கும்.

ஆகஸ்டில் கூட்டிப் போகச் சொன்னதை உங்கள் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். நவம்பரில் வருகிறாராம். வரும்போது உங்கள் கட்டிட லிஃப்டைத் திறந்து பார்த்து, சும்மாவே சர்வீஸ் செய்து தருகிறாராம். தங்கை வீட்டுக்கு இதுகூடச் செய்யவில்லையென்றால் எப்படி என்கிறார். போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன். "எல்லாம் எழுத்துல இருக்கட்டும்" என்றார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக அவரே சொன்னது.

அத்தையிடமிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதங்களோடு அதைச் சேர்த்து வைக்கவில்லை, தனியாக வைத்திருக்கிறேன். நவம்பருக்கு என்று ஒரு பை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். அத்தைக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அந்தப் பை சரியில்லை என்பார்.

கடைசியாக ஒன்று. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அத்தைக்குக் கலக்கும்போது கரண்டியைத் தலை தட்டாதீர்கள். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

உங்கள் அண்ணி